எழுபத்தொரு வளைவுகளும் ஒரு புல்லட்டும்

ஐப்பசி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் எங்கள் பூங்கரட்டு மலைச்சாலையில், இருபதாவது கொண்டை ஊசி வளைவுக்கும் இருபத்தொன்றாவது வளைவுக்கும் நடுவில், புதிதாக ஒரு வளைவு பிறந்திருந்தது. அதை முதலில் கண்டவள் பால்காரி தமயந்தி. கண்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அவளுடைய வலது கால்தான் கண்டது, ஏனென்றால் அவளுடைய பழைய புல்லட்டுக்கு கியர் வலது பக்கம், பதினோரு வருஷமாகத் தினமும் இரண்டு கேன் பாலைக் கட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு வளைவையும் இறங்கி ஏறிப் பழகிய கால் அது, இருபதாவது வளைவு முடிந்து மூன்றாவது கியருக்குப் போக வேண்டிய இடத்தில் மறுபடியும் இரண்டாவதுக்கு வர வேண்டியிருந்தது. அவள் வண்டியை நிறுத்தவில்லை. பால் கொண்டு இறங்கும்போது வழியில் எதற்கும் நிறுத்துவதில்லை என்பது அவளுடைய சட்டம். அடிவாரத்துக் குளிரூட்டும் நிலையத்தில் பாலை ஊற்றிவிட்டு, வெறும் கேன்கள் கடகடக்கத் திரும்பி ஏறும்போதுதான் நிறுத்திப் பார்த்தாள். கருங்கல் தடுப்புச்சுவர் இருந்தது, அதில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருந்தது, பெயின்ட் இன்னும் காயவில்லை, வளைவின் மடியில் கால் ஏக்கர் சமதரையும் இடுப்பளவு கொழுக்கட்டைப் புல்லும் பாறையிடுக்கில் கட்டைவிரல் கனத்துக்கு ஓர் ஊற்றும் இருந்தன.

மேலே வந்து ஊரில் சொன்னாள். நானும் அங்கேதான் இருந்தேன். பால் சங்கத்தில் பால் அளக்கிற சீரங்கன் நான்.

"வளைவு ஒண்ணு கூடியிருக்குதுங்க."

"எந்தப் பக்கம்?" என்றார் ஊர்த்தலைவர் சடையன்.

"இருவதுக்கு அப்பறம்."

"புல்லு இருக்குதா?"

"இடுப்பளவு இருக்குதுங்க. ஊத்தும் இருக்குது."

"அப்பச் சரி" என்றார் தலைவர். விசாரணை அவ்வளவோடு முடிந்தது. ஏன் பிறந்தது என்று எங்கள் மலையில் யாரும் கேட்கவில்லை, யாருக்கு என்றுதான் கேட்டோம், நிலமில்லாதவர்கள் பேரையெல்லாம் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டோம், ஊரில் வீட்டுக்கு வீடு விறகு சுமந்து கொடுத்துக்கொண்டிருந்த குப்பாயிக்கு விழுந்தது. மூன்றாம் நாள் பச்சைப்பிள்ளைக்கு வைப்பதுபோல வெல்லப் பொங்கல் வைத்து, தடுப்புச்சுவரில் சுண்ணாம்பால் 'குப்பாயி வளைவு' என்று எழுதி, எல்லோரும் ஒருதரம் சத்தமாகச் சொன்னோம். குப்பாயி அழுதாள். அவள் பேரை அதுவரை யாரும் விறகு வேண்டும் என்றால் தவிரக் கூப்பிட்டதில்லை.

அடுத்த திங்களும் ஒன்று பிறந்தது, அதற்கடுத்த திங்களும் ஒன்று, மலையின் தலையில் ஒன்று, காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று வாரம் தவறாமல் பிறந்தது, ஒவ்வொன்றோடும் ஒரு கால் ஏக்கரும் ஓர் ஊற்றும் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடிசை போட்டு ஒரு மாட்டைக் கட்டியது. கார்த்திகையில் அடைமழை பெய்த வாரம் மட்டும் பொங்கல் வைக்க ஒருவரும் வெளியே வரவில்லை, பேர் வைக்காமல் விட்ட அந்த வளைவு ஐந்தாம் நாள் மழை வெறித்தபோது இல்லை, சாலை அந்த இடத்தில் பழையபடி நேராகக் கிடந்தது. பேர் இல்லாவிட்டால் தங்காது போலிருக்கிறது என்று புரிந்துகொண்டோம். இது பின்னால் எங்களுக்கு உதவவும் செய்தது, எங்கள் யோக்கியதையை எங்களுக்கே காட்டிக்கொடுக்கவும் செய்தது.

மலை தன் போக்கில் சாலையை நீட்டியது, நாங்கள் எங்கள் போக்கில் அதற்குப் பழகினோம். பேருந்துக்காரர்கள் நேர அட்டவணைக்குள் அடங்கவில்லை என்று பாதி மலையோடு திரும்பிப் போனார்கள். கீழேயிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வளைவு வளைவாக வாந்தியெடுத்து முகூர்த்தம் கழிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள், அதிலிருந்து எங்கள் மலையில் முகூர்த்தத்தை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டோம், எலுமிச்சம்பழம் விற்றே ஒருத்தன் ஓட்டு வீடு கட்டினான். நடந்து இறங்கலாம் என்றால் ஒற்றையடிப் பாதையும் கூடவே நீண்டிருந்தது. செல்போன் வரைபடத்தில் பார்த்தால் தமயந்தி தினமும் அரை மணி நேரம் மரங்களுக்கு மேலே பறந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. சாலையை அளக்க ஒரு பொறியாளர் வந்தார், ஏறும்போது ஐம்பத்தாறு வளைவும் இறங்கும்போது ஐம்பத்தேழும் எண்ணினார், அன்று திங்கட்கிழமை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவர் நோட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பழக முடியாதது ஒன்றுதான் இருந்தது, அது பால். பேர் வைத்தாலும் பொங்கல் வைத்தாலும் பால் தன் நேரத்துக்குத் திரிந்துவிடும்.

தமயந்தி மலையாள் இல்லை. நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தவள், லாரி ஓட்டிய புருஷன் நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட, காதில் இருந்த ஒரே ஜோடித் தோட்டை விற்று, ஓடாத புல்லட் ஒன்றை வாங்கி, தன் கையாலேயே ஓட வைத்து, பால் இறக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு மலையேறி வந்தாள். சங்கத்துக் கட்டடத்தின் பின்னால் இருந்த சாமான் அறையைத் தங்கிக்கொள்ளக் கொடுத்தோம். வண்டியை முன்னால் சிமென்ட் தரையில் நிறுத்துவாள். பழைய புல்லட் என்றால் ஆயில் ஒழுகாமல் இருக்காது, எந்த நட்டை முறுக்கினாலும் வேறொரு இடத்தில் கசியும், நின்ற இடத்தில் ஒரு சொட்டு விட்டுத்தான் போகும். "சங்கத்துத் தரை அம்மிணி, பால் வைக்கிற எடம், கறை பண்ணாதே" என்று முதல் வாரமே நான் ஒரு சத்தம் போட்டேன். அன்றைக்கு ஒரு பால்பவுடர் டப்பா மூடியை எடுத்து இன்ஜினுக்கு அடியில் வைத்தாள். பதினோரு வருஷமாக வண்டியை ஸ்டாண்டு போட்ட மறு நிமிஷம் குனிந்து அந்த மூடியை வைப்பாள், எங்கே போனாலும் அந்த மூடி பக்கப் பெட்டியில் கூடவே போகும், யார் வீட்டு வாசலிலும் அவள் வண்டி கறை வைத்ததில்லை. அதை நான் அப்போது பெருமையாகத்தான் நினைத்தேன், என் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வண்டியைப் பிரித்து உட்காருவாள். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஆயில் விடுவாள், டேப்பட் இடைவெளியைத் தகட்டு அளவையால் பார்ப்பாள், பிளக்கைச் சுரண்டுவாள், பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயின்ட் முனையைப் பத்து ரூபாய் நோட்டை நடுவில் விட்டு இழுத்துத் துடைப்பாள், அந்த வேலைக்கு அந்தத் தாளை விட்டால் வேறில்லை என்பாள், பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்து எத்தனை வாரம் வரும் என்று சொல்வாள், சொன்ன வாரத்தில் அது தேயும். வளைவுகள் கூடக்கூட அவளுடைய ஞாயிற்றுக்கிழமை நீண்டது. நாற்பத்திரண்டு வளைவில் ஐந்து மாதம் வந்த பிரேக் கட்டை ஐம்பதில் மூன்று மாதம் வந்தது, அறுபதில் ஆறு வாரம்கூட வரவில்லை, கிளச் கேபிள் ஒவ்வொரு இழையாக அறுந்தது, சக்கரக் கம்பிகள் தளர்ந்தன, அவளும் விடாமல் ஒவ்வொன்றையும் முறுக்கினாள். "மலை வளந்தா வளரட்டும், வண்டி சுத்தமா இருந்தா போதும்" என்றாள்.

உதிரிகளையெல்லாம் வண்டியிலேயே சுமந்தால் பால் சுமக்க முடியாது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புதிதாக வளைவு வாங்கிக் குடிபோகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமானைச் சீர் வைப்பதுபோலக் கொடுத்துவிடுவாள், ஒரு வீட்டில் பிளக், ஒரு வீட்டில் கிளச் கேபிள், ஒரு வீட்டில் டியூப், ஒரு வீட்டில் செயின் கண்ணி, குப்பாயி வீட்டில் பாயின்ட் செட். "பத்தரமா வச்சிருங்க, ஒருநாள் கேப்பேன்" என்பாள். அவர்களும் சாமி மாடத்தில் வைத்தார்கள், சாமியோடு இருந்ததால் வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். மஞ்சளுக்கும் மின்சாரத்துக்கும் ஆகாது என்று யாருக்குத் தெரியும்?

மாசியில் அறுபது, பங்குனியில் அறுபத்தைந்து. முன்பு ஐம்பது நிமிஷத்தில் இறங்கியவள் இப்போது இரண்டு மணி நேரம் இறங்கினாள். வெயில் ஏறியது. சித்திரை பிறந்த வாரத்தில் முதல் தடவை பால் திரும்பி வந்தது. இத்தனை வளைவில் குலுங்கிக் குலுங்கிக் கேனுக்குள் வெண்ணெய் திரண்டு மிதந்தது, நிலையத்தில் பால் சோதிக்கிற சம்பத் மூடியைத் திறந்து பார்த்து, "இது பாலா மோரா?" என்று கேட்டார். இரண்டாவது தடவை வலது பக்கத்துக் கேன், சைலன்சர் சூடு படுகிற பக்கம், சோதனைக் குழாயில் ஊற்றிக் கொதிக்க வைத்ததும் பொலபொலவென்று திரிந்தது. சம்பத் கெட்டவர் இல்லை, சட்டப்படி நடக்கிறவர். "மூணாவது தடவை வந்தா உங்க மலைப் பால் தடத்தையே எடுத்துருவாங்கம்மா. எங்க ரிக்கார்டுல உங்க ரோட்டுக்கு நாப்பத்திரெண்டு வளைவுதான். அதுக்கு மேல எனக்குப் பேச வாயில்ல" என்றார்.

தடம் போனால் எங்களுக்குப் பால் போகும், பால் போனால் மாடு போகும், மாடு போனால் மறுபடி செங்கல் சூளைக்கு இறங்க வேண்டியதுதான். ஊர் கூடியது. பேசப் பேச ஒரே இடத்துக்கு வந்து நின்றோம். பேர் வைக்காவிட்டால் வளைவு தங்காது என்றால், வைத்த பேரை எடுத்துவிட்டால்? சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு ஐந்து நாள் யாரும் அந்தப் பேர்களை வாயால் சொல்லாமல் இருந்தால், புதிதாக வந்த இருபத்தெட்டு வளைவும் மடங்கிப் போகும், சாலை பழையபடி ஆகும். அங்கே இருக்கிற இருபத்தெட்டுக் குடும்பம்? முன்னால் இருந்த மாதிரி இருக்கட்டும் என்றோம். முன்னால் எப்படி இருந்தார்கள் என்று எங்களில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். எனக்கு நாலு மாடு. குப்பாயி கூட்டத்தின் ஓரத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் தமயந்தி பக்கம் திரும்பினார். "கஷ்டப்படறவ நீதான் அம்மிணி. நீ ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்கே சொரண்டிப் போடலாம்."

அவள் ஒரு ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"வண்டி ஓட்டறவ நானுங்க. ரோடு நீளம்னு நான் சொன்னேனா?" என்றாள். "இன்னும் ஒரு தடவை பாக்கியிருக்குதில்ல? நாளைக்கு நான் எறக்கறேன். திரிஞ்சு வந்தா நீங்க சொரண்டிக்குங்க. அதுவரைக்கும் எவனும் சுண்ணாம்பு மேல கை வெக்கக் கூடாது."

"திரியலைன்னு நாங்க எப்படி நம்பறது?" என்றான் ஒருவன்.

"சாட்சிக்கு ஒருத்தர் பின்னால ஒக்காந்து வாங்க. ஒல்லியா இருக்கோணும்."

ஊரே என்னைப் பார்த்தது.

அன்று சாயங்காலம் வளைவுக்காரர்கள் எல்லோரும் குப்பாயியை முன்னால் விட்டுக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்கள். "எங்ககிட்ட வேற என்ன இருக்குது கண்ணு, தண்ணிதான் இருக்குது" என்றாள் குப்பாயி. ஒவ்வொரு வளைவிலும் ஊற்றுத் தண்ணீரோடு நிற்பார்களாம், கேனைச் சுற்றிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தால் நனைத்து நனைத்து அனுப்புவார்களாம். தமயந்தி இரண்டு கேன்களையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நாலு கோணிச் சாக்கை எடுத்து வந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை என்பதை அந்தப் பதற்றத்தில் நாங்கள் எல்லோரும் மறந்தே போனோம்.

விடிந்ததும் பால் அளந்து கேனை நிரப்பினேன். அவள் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்து, மூடியில் இருந்த ஆயிலைத் துணியில் துடைத்து, மூடியைப் பக்கப் பெட்டியில் போட்டாள். இடது கைப்பிடியில் இருக்கிற குட்டி லீவரை அமுக்கிக்கொண்டு கிக்கரை மெல்ல மிதித்தாள், முன்னால் இருக்கிற ஆம்பியர் முள் ஆடி ஆடி நடுவுக்கு வந்து நின்றது, முள் நடுவுக்கு வராமல் மிதித்தால் கால் எலும்பை உடைத்துவிடும் இந்த வண்டி, வந்ததும் லீவரை விட்டாள், ஒரே மிதி. டப் டப் டப் என்று அதன் பேச்சு தொடங்கியது. இரண்டு கேனுக்கும் நடுவில் மூன்றாவது கேன் போல நான் உட்கார்ந்தேன்.

இறங்கினோம். முதல் வளைவுக்காரன் குடத்தோடு நின்றான், இரண்டாவது வளைவுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்போடு நின்றாள், தமயந்தி வேகத்தைக் குறைத்ததும் சளப்பென்று சாக்கில் ஊற்றினார்கள், இரண்டாவது கியரில் வளைவைத் திரும்பி மூன்றாவதில் ஓடி மறுபடி இரண்டாவதில் வந்து அடுத்த சளப். ஒவ்வொரு வளைவிலும் அவள் பேர் சொல்லிக்கொண்டே போனாள், ராமாயி வளைவு, ஊமையன் வளைவு, ரெட்டைப்பிள்ளை வளைவு, வேண்டுமென்றே எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். நான் நனைந்து நடுங்கிக்கொண்டு இருந்தேன். கேனைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஜெயித்துவிடுவாள் போலிருக்கிறதே என்று தோன்றியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷமாக இருந்ததில் வெட்கமாகவும் இருந்தது.

மலையின் இடுப்பில் குப்பாயி வளைவு. அவள் குடத்தோடு இல்லை, அண்டாவோடு நின்றாள். எல்லோரையும்விட அதிகமாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. "பெரியசாமி துணை!" என்று கத்திக்கொண்டு அண்டாத் தண்ணீர் முழுவதையும் கேன் மேலும் என் மேலும் இன்ஜின் மேலும் சேர்த்துக் கவிழ்த்தாள். இன்ஜின் புஸ்ஸென்று ஒருமுறை ஆவி விட்டது, இரண்டுமுறை இருமியது, நின்றுவிட்டது.

மலை அமைதியாகிவிட்டது. வருஷக்கணக்கில் அந்த நேரத்தில் அந்தச் சத்தம் இல்லாமல் நான் மலையைக் கேட்டதில்லை.

"அய்யோ" என்றாள் குப்பாயி.

தமயந்தி லீவரை அமுக்கிக் கிக்கரை மிதித்தாள். ஆம்பியர் முள் அசையவே இல்லை. சுற்றிலும் வளைவுக்காரர்கள் ஓடி வந்தார்கள். "உருட்டி வுடு, எறக்கந்தான!" என்றான் ஒருவன். "ஆமா தமயந்தி, இன்ஜின் எதுக்கு, சும்மாவே எறங்கும்" என்று நானும் சொன்னேன்.

"இன்ஜின் புடிச்சு நிறுத்தாம வெறும் பிரேக்குல இவ்வளவு கனம் தாங்காதுண்ணா. எட்டாவது வளைவுல நீங்களும் நானும் பாலும் பள்ளத்துல கெடப்போம். எறங்குங்க."

வழியில் எதற்கும் நிறுத்தாதவள் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டாள். அந்த நேரத்திலும் குனிந்து பெட்டியிலிருந்து மூடியை எடுத்து இன்ஜினுக்கு அடியில் வைத்தாள், குப்பாயியின் மண் கறையாகக் கூடாது என்று. பிறகு பாயின்ட் மூடியைக் கழற்றினாள். உள்ளே தண்ணீர். முந்தானையால் ஒற்றி எடுத்தாள், விரலால் தொட்டதும் பாயின்ட்டின் சின்ன ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கையோடு வந்தது.

"பாயின்ட் செட் யார்கிட்ட?"

குப்பாயி வீட்டுக்குள் ஓடினாள். மாடத்திலிருந்து எடுத்து வந்து நீட்டினாள், ஏழு மாதத்து வெள்ளிக்கிழமை மஞ்சள் முழுவதும் அதன்மேல் காய்ந்து ஒட்டியிருந்தது, எது முனை எது கை என்றே தெரியவில்லை. தமயந்தி அதைப் பார்த்தாள், குப்பாயியைப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நல்லாத்தான் வச்சிருக்கற" என்றாள். "கொஞ்சம் மண்ணெண்ணெ கொண்டா."

விளக்கில் இருந்த மண்ணெண்ணெயைக் கவிழ்த்து, ஊசியால் சுரண்டி, துணியால் துடைத்து, மறுபடி சுரண்டி, மஞ்சளை இடுக்கு இடுக்காக எடுத்தாள். வெயில் வளைவுக்கு வந்துவிட்டது. எனக்குப் பாலின் நினைப்புதான், இந்நேரம் கேனுக்குள் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன், ஒரு கேன் வண்டியில் இல்லை. குப்பாயி ஒரு கேனைத் தனியாளாகத் தோளில் ஏற்றி ஊற்றுக் குழிக்குள் கழுத்தளவு இறக்கிவிட்டு, இரண்டாவதற்கு வந்துகொண்டிருந்தாள். முப்பது வருஷம் விறகு சுமந்த தோள் அது. அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள், ஊற்றைச் சுற்றிக் கல் வைத்துத் தண்ணீரைத் தேக்கினார்கள்.

தமயந்தி புதுப் பாயின்ட்டைப் பூட்டினாள். இடைவெளியைத் தகட்டால் பார்த்தாள். "அண்ணா, பத்து ரூபா நோட்டு இருக்குதா?" என்றாள். என் சட்டைப் பையில் இருந்தது ஊறிப்போயிருந்தது. பக்கத்து வளைவுக்காரன் தலைப்பாகையிலிருந்து காய்ந்த நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதை முனைகளுக்கு நடுவில் விட்டு இழுத்தாள், மஞ்சள் வந்தது, மறுபடி இழுத்தாள், கொஞ்சம் வந்தது, மூன்றாவது தடவை நோட்டு நோட்டாகவே வந்தது. மூடியைப் போட்டாள். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாள். அவசரமே படவில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்படிச் செய்வாளோ அப்படியே செய்தாள், எங்களுக்குத்தான் கை கால் பறந்தது.

லீவரை அமுக்கி மெல்ல மிதித்தாள். முள் ஆடியது. நாங்கள் எல்லோரும் அந்த முள்ளையே பார்த்தோம். ஆடி ஆடி நடுவுக்கு வந்தது. மிதித்தாள். இல்லை. மறுபடி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தாள், மிதித்தாள். இல்லை. ஒன்பது தடவை அப்படியே, ஒருமுறைகூட முள் நடுவுக்கு வராமல் மிதிக்கவில்லை, ஒருமுறைகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாவது மிதிக்கு டப் என்றது. பிறகு டப் டப் என்றது. குப்பாயி என்னைக் கட்டிக்கொண்டாள், நானும் அவளைக் கட்டிக்கொண்டேன், முதல்நாள் நான் தூக்கிய கை அவள் முதுகில் இருந்தது.

கேன்களை மறுபடி ஏற்றிக் கட்டிக்கொண்டு, மீதி வளைவுகளையும் நனைந்துகொண்டே இறங்கினோம். அடிவாரம் நெருங்க நெருங்க அனல் அடித்தது, சாக்கு நிமிஷத்தில் காய்ந்தது. கடைசியில் மூன்று வளைவுதான் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு கால் மணி நேரம் நிழலே இல்லாத நேர் ரோடு. ஆனால் கடைசியிலிருந்து நாலாவது வளைவு திரும்பியதும் தமயந்தியின் வலது கால் மறுபடி இரண்டாவது கியருக்கு இறங்கியது. ஈரப் பெயின்ட், இடுப்பளவு புல். எழுபத்தொன்று. அன்று காலையில் பிறந்தது, தண்ணீரோடு நிற்க அங்கே ஒரு ஆள் இல்லை.

அவள் நிறுத்தினாள். "அண்ணா, எறங்குங்க."

நான் இறங்கினேன். பாறையிடுக்கில் ஊற்று இருந்தது. குடம் இல்லை, செம்பு இல்லை. என் வேட்டியை அவிழ்த்து, கோவணத்தோடு ஓடி, ஊற்றில் முக்கி முக்கி எடுத்து வந்து சாக்கின்மேல் பிழிந்தேன், ஏழு தடவை ஓடினேன், எட்டாவது தடவை வேட்டியைப் பிழியாமலே வலது பக்கத்துக் கேனைச் சுற்றிக் கட்டினேன். நான் சுரண்டிப் போடச் சொன்ன வளைவுகளைப் போன்ற ஒன்றின் தண்ணீர்தான் அது. கோவணத்தோடு நின்றதைவிட அதை நினைத்தபோதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

நிலையத்தில் சம்பத் என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வலது கேனிலிருந்து பாலை எடுத்துக் குழாயில் ஊற்றினார். விளக்கைப் பற்றவைத்தார். குழாயைச் சாய்த்துப் பிடித்துத் தீயில் காட்டினார். பால் ஓரத்தில் நுரைத்தது. நடுவில் குமிழ் விட்டது. தமயந்தியின் கிரீஸ் படிந்த கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது, அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பொங்கி மேலே வந்தது. குழாயைச் சாய்த்துக் கண்ணாடி ஓரத்தில் ஓடவிட்டார், வெள்ளையாக, வழவழவென்று, ஒரு திரிகூட இல்லாமல் ஓடியது.

"பால்தாம்மா" என்றார் சம்பத். பிறகு கேட்டார், "இப்ப எத்தனை வளைவு?"

"எழுவத்தொண்ணு."

அவர் தன் நோட்டைப் பிரித்தார். நாற்பத்திரண்டை அடித்துவிட்டு எழுபத்தொன்று என்று எழுதினார். "அடுத்த வாரம்?"

"எழுவத்திரெண்டு. பிரேக் கட்டை மட்டும் மாத்தோணும்."

மூன்றாம் நாள் அந்தப் புது வளைவில் பொங்கல் வைத்தோம். சீட்டு எழுத உட்கார்ந்தபோதுதான், நிலமில்லாதவர்கள் பட்டியலில் ஒரு பேரும் மிச்சமில்லை என்று தலைவர் சொன்னார். அது பொய். பதினோரு வருஷமாகச் சங்கத்துச் சாமான் அறையில் கிடக்கிறவள் பேரை ஒரு வாரம்கூட நாங்கள் எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் சுண்ணாம்பை எடுத்தேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது, தமயந்தி வளைவு. எல்லோரும் சத்தமாகச் சொன்னோம், இருபத்தெட்டு வளைவுக்காரர்களும் சொன்னார்கள், குப்பாயி எல்லோருக்கும் பிறகு தனியாக இன்னொருமுறை சொன்னாள்.

தமயந்தி ரோட்டில் நின்ற வண்டியை உருட்டிக்கொண்டு புல்லுக்குள் வந்தாள், சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டாள். கை தன் பழக்கத்தில் பக்கப் பெட்டிக்குப் போய் அந்த டப்பா மூடியை எடுத்தது. குனிந்தவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மூடியைப் பெட்டியிலேயே போட்டு மூடினாள். இன்ஜினுக்கு அடியில் ஒரு சொட்டு ஆயில் சேர்ந்து, கனத்து, அவளுடைய மண்ணில் விழுந்தது.